பவுனு போட்ட குட்டிகள்

சேசு மரி சூசை

இராயபுரம்,
9-2-1969

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

அண்ணன் வால்டர் எழுதுவது. நான், ஐரீன், பெஞ்சமின் மூவரும் ஆண்டவர் கிருபையால் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. துறைமுகத்தில் கிரேன் ஏணி ஏறும்போது அது யாரோ ஒருவனுடைய முழங்கால் மாதிரி நடந்துகொள்கிறது. மாப்பிள்ளை ஆசீர்வாதத்தின் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத் தூசிக்கு வெல்லம் நல்லதென்று இங்கே சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவர் இஷ்டம்.

இப்போது எழுதுவது என் நாய் பவுனுவைப் பற்றி. எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் துரை போன வருஷம் ராஜபாளையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது வளர்ந்துவிட்டாள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, தெருவில் கூட்டிக்கொண்டு போனால் சைக்கிளில் போகிறவன் இறங்கிப் பார்க்கிறான். அந்த ஊரில் இப்படிப்பட்ட நாயைச் சும்மா கொடுப்பார்களா? கொடுத்ததற்குக் காரணம், பிறவிச் செவிடு. கப்பல் சங்கு ஊதினால் தெரு நாயெல்லாம் வானத்தைப் பார்த்து ஊளையிடும். இவள் பாட்டுக்குத் தூங்குவாள். காலால் தரையைத் தட்டினால் எழுந்து வருவாள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காவல் தலைவராக இருக்கிற மனோகரன் என்பவரிடம் இதே ஜாதியில் ஆண் நாய் இருக்கிறது. அதுவும் வெள்ளை. திருவொற்றியூர் ரோட்டில் பவுனுவைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, இப்டி ஒரு அழக வூட்ல கட்டி வெச்சிகினு கீறியே! நம்ம நாயோட சேத்து வுடு" என்றார். செவிடு என்று உண்மையைச் சொன்னேன். "அது குட்டிக்கும் வருமான்னு தெரிஞ்சவங்கள கேட்டுகினு வா, அப்பால பேசிக்கலாம்" என்றார்.

நம் குடும்பத்தில் நாய் தெரிந்தவள் நீதான். அப்பா ரயில்வே குவார்ட்டர்ஸில் நாய் வளர்த்த காலத்தில் குட்டி போடும் நாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள். நான் நாற்றம் தாங்காமல் ஓடினவன். அதனால் கேட்கிறேன், சேர்க்கலாமா? ஐரீன் கூடாது என்கிறாள். "கொறையோட பொறந்தது தம்பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், அத்த இன்னாத்துக்குப் பெருக்கணும்" என்கிறாள். அவள் பேச்சைத் தள்ளு. நீ சொல்வதுதான் எனக்குக் கடைசி வார்த்தை.

செலின் கண்ணுக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் அண்ணன்,
வால்டர்


சாம்பியன் ரீப், தங்கவயல்,
22-2-1969

அன்பு அண்ணனுக்கு,

தங்கை ஃப்ளோரா வணக்கத்துடன் எழுதுவது. உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இவருக்கு இருமல் அப்படியேதான். வெல்லம் தின்னச் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார், சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது.

நாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர்க்கலாம். செவிடு ஒன்றும் ஒட்டுவாரொட்டி இல்லை. அப்பாவிடம் எத்தனை நாய் இருந்தது, எத்தனை ஈத்துப் பார்த்தேன், குட்டிக்கு வந்து நான் பார்த்ததில்லை. தாய்க்கு ஒரு குறை என்றால் பிள்ளைக்கும் வரவேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. ஐரீன் அண்ணி பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு.

செலினுக்கு வருகிற மாதம் பத்தொன்பது முடிகிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட் முடிக்கிறாள். மீன் குழம்பு என்னைவிட நன்றாக வைக்கிறாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறாள். பூசைக்குத் தனியாகப் போய் வருகிறாள். புதிதாகப் பார்க்கிறவர்களிடம் இந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது என்று நாம் சொன்னால்தான் உண்டு.

அவளுடைய ஞானஸ்நானத்தன்று, குறை தெரிவதற்கு முன்னால், "இவ எம் மருமவ" என்று நீ பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னாய். நீ மறந்திருக்க மாட்டாய். நானாக அதைப் பற்றிக் கேட்பது முறையில்லை என்று இத்தனை வருஷம் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பெஞ்சமின் சுகமாக இருக்கிறானா?

அன்புத் தங்கை,
ஃப்ளோரா


சேசு மரி சூசை

இராயபுரம்,
23-3-1969

அன்புள்ள ஃப்ளோரா,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். தபசு காலம் ஆகையால் வீட்டில் கறி இல்லை, பவுனு என்னைப் பார்க்கும் பார்வையில் அன்பு குறைந்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்ததும் பவுனுவை எண்ணூருக்கு ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போனேன். காரியம் நல்லபடியாக முடிந்தது. "தபசு காலத்துல இந்த மாரி வேலைக்கு நாய இட்டுகினு போற மனுசன எங்கியாச்சும் பாத்துக்கீறீங்களா" என்று ஐரீன் பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மருமகள் பேச்சை நான் மறக்கவில்லை, ஃப்ளோரா. எடுக்கத்தான் வழி தெரியாமல் இருந்தேன். பெஞ்சமினைக் கேட்டால் "நீ சொன்னா சரி நைனா" என்று தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான். போன கிறிஸ்மஸுக்கு நீங்கள் வந்து போனதிலிருந்து அவனுக்குச் செலின்மேல் ஒரு இது இருக்கிறது. தடை ஐரீன்தான். பேரப்பிள்ளைகளுக்கும் குறை வருமோ என்று பயப்படுகிறாள். உன் கடிதம் வந்தபிறகு தைரியம் பண்ணி அவளிடம் பேசினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தி அடையாளம் கேட்டிருக்கிறாள். பவுனுவின் குட்டிகள் குறையில்லாமல் பிறந்தால் செலினை எடுக்கலாம், ஒன்றுக்குக் குறை இருந்தாலும் அந்தப் பேச்சே வேண்டாம் என்று.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்ணையும் நாயையும் ஒரே தராசிலா வைப்பது? ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். அவள் நேர்ச்சை வைத்தால் வைத்ததுதான், பிறகு பேச்சு மாறமாட்டாள். குட்டிக்கு வராது என்று நீயே எழுதிவிட்டாய். பிறகென்ன பயம்? சரி என்று சொல்லிவிட்டேன். பொண்ணு இங்கே வந்தாற்போலவே நினைத்துக்கொள்.

உன் அண்ணன்,
வால்டர்


தங்கவயல்,
27-3-1969

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் கண்டவுடனே எப்படியாவது நிறுத்து. நாய் சினைப்படவில்லை என்று சொல். தொலைந்துபோயிற்று என்று சொல். துரையிடமே திருப்பிக் கொடு.

நான் எழுதியது பொய். அப்பாவிடம் இருந்த வெள்ளை நாய் இரண்டையும் சேர்த்தபோதெல்லாம் ஈத்துக்கு இரண்டு மூன்று செவிட்டுக் குட்டி விழும். அதை அப்பா சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். அப்போது நீ வேலைக்குப் போய்விட்டாய், உனக்குத் தெரியாது. தாயும் செவிடு, கடுவனும் வெள்ளை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததுமே வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. செவிட்டுப் பிறவி பெற்றுக்கொள்ளக் கூடாது என்று நானே என் கையால் உன் வீட்டுக்கு எப்படி எழுதுவேன்? இந்த வீட்டில் ஒருத்தியை வைத்துக்கொண்டு?

அண்ணி இப்படி ஒரு அடையாளம் கேட்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. என் பெண்ணின் வாழ்வு ஒரு நாயின் வயிற்றிலா இருக்கிறது? என் வாயால் நானே கெடுத்தேன். எதையாவது செய், அண்ணா.

ஃப்ளோரா


இராயபுரம்,
13-4-1969

தங்கை ஃப்ளோராவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் உங்கள் வீட்டில் தங்குவதாக. உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

பவுனுவுக்கு வயிறு தெரிகிறது. ஐரீன் தினம் கையை வைத்துப் பார்க்கிறாள். முட்டை கொடுக்கிறாள். நாயே வேண்டாம் என்றவள், இப்போது அது படுக்கத் தன் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறாள். இந்த நிலையில் தொலைந்துபோயிற்று என்று யாரிடம் சொல்ல?

உன்னைத் திட்ட மனம் வரவில்லை. அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டிருக்கவே கூடாது. தபாலில் போட்ட பிறகும் எனக்கு அது உறைக்கவில்லை. கிரேன்மேல் உட்கார்ந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் நினைவுக்கு வந்து, யாரைக் கேட்டேன், எதைக் கேட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. மடையன் நான். இனி ஆண்டவர் விட்ட வழி.

வால்டர்


இராயபுரம்,
18-5-1969

அன்புள்ள ஃப்ளோரா,

பவுனு குட்டி போட்டுவிட்டாள். ஏழு. எல்லாம் தாயைப் போலவே வெள்ளை. தாயும் குட்டிகளும் சுகம். கடைசிக் குட்டி வரும்வரை ஐரீன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவள் முந்தானையில்தான் துடைத்தாள்.

ஒரு குட்டிக்கும் இன்னும் காது திறக்கவில்லை. இந்த வயதில் கேட்கிற குட்டி, கேட்காத குட்டி என்று வித்தியாசமே கிடையாது, எல்லாம் ஒன்றுபோலப் பால் குடிக்கிறது. எனக்கு இரத்தக் கொதிப்பு என்று துறைமுக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாப்பிள்ளையை மழையில் நனைய விடாதே.

வால்டர்


தங்கவயல்,
12-6-1969

அன்பு அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. காது திறந்திருக்குமே. நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுது. மாலையில் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்ததும் தபால் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன். செலின் இல்லை என்று கையை விரிக்கிறாள். ஏன் இப்படித் துடிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

ஃப்ளோரா


சேசு மரி சூசை

இராயபுரம்,
29-6-1969

அன்பில் சிறந்த தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

வால்டரும் ஐரீனும் சேர்ந்து எழுதும் சந்தோஷச் செய்தி. நாங்கள் நலம். பவுனுவின் குட்டிகள் மூன்றும் நலம், மூன்றுக்கும் காது நன்றாகக் கேட்கிறது. ஐரீனே ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தோணியாருக்கு ரொட்டி நேர்ச்சையும் கொடுத்து முடித்துவிட்டாள்.

ஆகஸ்டு மாதா திருநாளுக்குப் பிறகு தங்கவயலுக்கு வந்து செலினை முறைப்படி கேட்கிறோம். பங்குச் சாமியாரிடம் பேசினேன். அத்தை மகளைக் கட்டுவதற்கு பிஷப்பிடம் திருச்சபைச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்க வேண்டும், அதை அவரே எழுதி அனுப்புகிறாராம். செலினின் ஜாக்கெட் அளவு ஒன்று அனுப்பச் சொல்கிறாள் ஐரீன். "எங்கூட கோயிலுக்கு வர்றதுக்கு ஒரு பொண்ணு ஆச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிகினு இருக்கிறாள்.

அன்புடன்,
வால்டர், ஐரீன்


தங்கவயல்,
6-7-1969

அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதேன். இவர் இருமலோடு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார். செலினிடம் சொன்னேன். நம்பாமல் என்னை இரண்டாம் முறை சொல்லச் சொல்லி உதட்டைப் பார்த்தாள். அப்புறம் மெஷினில் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, முகம் மட்டும் சிவந்திருந்தது. அளவு ஜாக்கெட் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணா, இந்த வரி உனக்கு மட்டும். ஏழு என்று எழுதியிருந்தாய். மற்ற நாலு?

ஃப்ளோரா


இராயபுரம்,
15-7-1969

ஃப்ளோரா,

இதைப் படித்ததும் எரித்துவிடு.

ஜூன் முதல் ஞாயிறு ஐரீன் பூசைக்குப் போயிருந்தாள். பெஞ்சமின் டூட்டிக்குப் போயிருந்தான். வயிற்று வலி என்று நான் போகவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் விட்டு, பின்னால் நின்று சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டினேன். மூன்று திடுக்கிட்டுத் திரும்பின. நாலு திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று காதருகே கொண்டுபோய்த் தட்டினேன். அந்த நாலில் ஒன்று தட்டையே திரும்பிப் பார்த்தது, எனக்கு உயிர் வந்தது. பார்த்தால், தட்டில் சோறு இருக்குமோ என்று வந்திருக்கிறது.

அரிசிச் சாக்கில் போட்டேன். காசிமேட்டுக் கடலோரம் கொண்டுபோனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு ஆள், "இன்னா மாமு சாக்குல, மீனா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

சீக்கு வந்து செத்தது, புதைத்துவிட்டேன் என்று ஐரீனிடம் சொன்னேன். அவள் அழுதாள். மெய்யாகவே அழுதாள், ஃப்ளோரா. அந்த நாலுக்கும் பேர் வைத்திருந்தாளாம். பவுனு சாக்கு இருந்த மூலையை மோந்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து மூலைக்கு வருவாள். சத்தம் போட்டுத் தேடத் தெரியாத ஜென்மம். என்னைக் கண்டால் வால் ஆட்டுகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

உனக்காகவும் செலினுக்காகவும் செய்தேன். அந்தக் குழந்தை வாழ்ந்தால் போதும். அந்தோணியாரை ஏமாற்றினேனே, அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

வால்டர்


தங்கவயல்,
22-7-1969

அன்பு அண்ணா,

இவ்விடம் எல்லோரும் சுகம். மனதைத் தேற்றிக்கொள். நீ செய்ததில் பாவம் ஒன்றும் இல்லை. நாய்தானே. அப்பா செய்ததைத்தான் நீயும் செய்தாய். அந்த நாலும் இருந்திருந்தால் என் பெண் ஆயுசுக்கும் இந்தச் சுரங்க லயன் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அண்ணிக்கு மட்டும் என்றைக்கும் தெரியக்கூடாது. உன் கடிதத்தை எரித்துவிட்டேன். விலக்கு வந்ததா என்று எழுது. நான் இவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், செலின்தான் இதைத் தபாலில் சேர்க்கிறாள்.

உன் தங்கை,
ஃப்ளோரா


(அதே உறையில், வேறொரு தாளில்)

22-7-1969

அன்புள்ள மாமாவுக்கு,

செலின் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி எங்கள் பள்ளி சிஸ்டர் சொன்னார்கள்.

தபால்காரர் வந்தால் வாசலுக்குப் போவது நான்தான். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடித்து மாலையில்தான் வருவாள். பவுனு வந்ததிலிருந்து உங்கள் எல்லாக் கடிதத்தையும் நான் முதலில் படித்துவிட்டுத்தான் அம்மா கையில் கொடுத்தேன். ஒளித்துப் படிக்கவில்லை. மேசைமுன் உட்கார்ந்துதான் படித்தேன். எனக்குக் கேட்காது என்பதால் வாசிக்கத் தெரியும் என்பதையும் எல்லோரும் மறந்துபோகிறீர்கள். அம்மா எழுதியவற்றையும் தபாலில் போடும் வழியில் படித்தேன். இன்றைய கடிதத்தையும் படித்தேன்.

பெஞ்சமினை எனக்குப் பிடிக்கும். கிறிஸ்மஸின்போது அவர் என்னிடம் பேசவேண்டும் என்றால் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிறமாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடிக்குமா என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இருந்தாலும் இந்தக் கல்யாணம் வேண்டாம், மாமா. விலக்குக் கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மாவிடம் இன்று இரவு நானே சொல்லிவிடுகிறேன். அவள் அடிப்பாள், பிறகு அழுவாள்.

அத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. வேண்டாம் என்று நினைத்தார்கள், அதை வெளியே சொன்னார்கள். என்னைப் போல ஒரு பிள்ளை எனக்குப் பிறந்தால் அத்தை முகத்தைச் சுளிப்பார்கள், திட்டுவார்கள், பிறகு பவுனுவுக்குப் போட்டதுபோல் தன் புடவையை மடித்துப் போடுவார்கள். அத்தையிடம் எனக்குப் பயம் இல்லை.

உங்களிடம்தான் பயமாக இருக்கிறது, மாமா. நீங்கள் என்மேல் வைத்திருக்கிற பாசத்துக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெஞ்சமினுக்கு நல்ல பெண்ணாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்,
செலின்